புதுப்பேட்டையிலிருந்து வந்த தண்டு

சென்ற திங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சித்தூரில் என் வீட்டுத் திண்ணையின்மேல் ஒரு கோணிப்பை வந்து இறங்கிற்று. அதனைச் சுமந்து வந்தோர் இருவர். ஒருவர் நம் சங்க உறுப்பினர் ஒருவரின் மகன்; திருப்பதியை அடுத்த பொறியியற் கல்லூரி ஒன்றில் மூன்றாம் ஆண்டு மாணவர். மற்றவர் அவருடைய வகுப்புத் தோழர், தெலுங்குப் பிள்ளை. பையின் வாயை அவிழ்த்ததும் கறுத்த கொழுப்பின் நாற்றம் திண்ணை முழுதும் பரவியது. உள்ளே இருந்தவை இரண்டு எஃகுத் தண்டுகள். ஒன்று நீளம், மற்றொன்று குட்டை. ஒவ்வொன்றின் இரு முனையிலும் உருண்டையான மூட்டு; மூட்டின்மேல் துருத்தி போன்ற ரப்பர் உறை. அவற்றுள் மூன்று உறைகள் கிழிந்திருந்தன.

"மாமா, இவை பழைய மாருதி 800-இன் ஆக்சில்கள். சென்னைப் புதுப்பேட்டையில் வாங்கினோம். ஒவ்வொன்றிலும் நடுவே ஐந்து சென்டிமீட்டர் அறுத்தெடுத்துவிட்டு மீண்டும் பற்றவைத்துத் தர வேண்டும்" என்றார் நம் பிள்ளை.

இருவரும் ஓராண்டாக ஒரு சிறு விளையாட்டுக் கார் கட்டி வருகின்றனர் என்பதை நான் முன்பே கேள்வியுற்றிருந்தேன். இரும்புக் குழாய்களால் ஆன கூடு, இரண்டே இருக்கைகள், இருக்கைகளுக்குப் பின்னால் எந்திரம். பிள்ளையின் தந்தையார் குடியாத்தத்திலிருந்து வந்து இங்கே மாம்பழக் கூழ் ஆலையில் வேலை பார்ப்பவர். அவர் தந்த நாற்பதாயிரம் ரூபாயில்தான் பழைய வண்டி ஒன்றின் எந்திரமும் கியர்ப் பெட்டியும் வந்தன. அந்தப் பணம் வேறொரு செலவுக்காக ஒதுக்கப்பட்டது என்பதையும், பிள்ளையின் தாயார் இன்னும் அதனை மறக்கவில்லை என்பதையும் நான் அறிவேன். ஆதலின் 'முடியாது' என்ற சொல்லை உடனே சொல்லிவிட மனம் வரவில்லை. ஆயினும் சொன்னேன். ஏன் அவ்வாறு சொன்னேன் என்பதே இம்மாதத்து இப்பகுதியின் பொருள்.

இந்தத் தண்டு என்ன வேலை செய்கின்றது என்பதை முதலில் பார்ப்போம். எந்திரமும் கியர்ப் பெட்டியும் வண்டியின் கூட்டோடு இணைந்தவை. அவை தம் இடத்தை விட்டு அசையா. சக்கரமோ மேடு பள்ளத்திற்கு ஏற்ப மேலும் கீழும் ஆடுவது. அசையாத ஒன்றிலிருந்து ஆடுகின்ற ஒன்றுக்கு, சுழலும் விசையை ஒரு கணமும் விடாது கொண்டுபோக வேண்டும். நேரான தண்டு ஒன்றால் மட்டும் இது இயலாது. முனைகளில் வளைந்து கொடுக்கும் மூட்டுகள் வேண்டும்.

பழைய மூட்டு சிலுவை வடிவானது. 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் இதனை ஆராய்ந்தார். இன்றும் லாரிகளின் நெடுந்தண்டில் இதனைக் காணலாம். நம் பட்டறைகளில் 'கிராஸ்' என்பது இதுவே. இதில் ஒரு குறை உண்டு. மூட்டு நேராக இராமல் மடிந்து சுழலும்போது, உள்ளே வரும் வேகம் ஒரே சீராக இருப்பினும் வெளியே செல்லும் வேகம் சீராக இராது. மடிப்பு 30 பாகை என்று கொண்டால், ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் 0.87 மடங்காகக் குறைந்து 1.15 மடங்காக ஏறும். மாருதி 800-இன் சிறு சக்கரம் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குப் பத்து முறைக்கு மேல் சுற்றுகின்றது. எனவே நொடிக்கு இருபது உதறலுக்குக் குறையாது. லாரியில் இரண்டு சிலுவைகளை ஒன்றுக்கொன்று ஈடாக வைத்து, ஒன்றின் குறையை மற்றொன்றால் தீர்த்துவிடுகின்றனர். திரும்பவும் வேண்டும், தள்ளவும் வேண்டும் என்னும் முன்சக்கரத்தில் அந்த உபாயம் எளிதில் செல்லாது.

அதற்கு வழி கண்டவர் ஆல்பிரட் செப்பா என்ற பொறியாளர். 1920-களில் அவர் காப்புரிமை பெற்ற மூட்டில் சிலுவைக்கு மாறாக ஆறு எஃகுக் குண்டுகள் உள்ளன. தண்டு எப்படி மடிந்தாலும், குண்டுகள் ஆறும் அந்த மடிப்பைச் சரிபாதியாகப் பகுக்கும் தளத்திலேயே நிற்கின்றன; ஆதலின் வேகம் மாறுவதில்லை. 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த மினி கார் இவ்வகை மூட்டைக் கொண்டே முன்சக்கரங்களை இயக்கிற்று. நம் நாட்டில் 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது இந்த மூட்டும் தெருத்தெருவாக வந்தது. 'சி.வி. ஜாயின்ட்' என்று இன்று சித்தூரில் எந்தப் பட்டறைப் பையனும் சொல்வான்.

அதற்கு முன்னர் நம்மவர் பட்ட பாடு வேறு. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கத்தில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைச் செய்தனர். அதன் பின்சக்கரங்கள் தனித்தனியே ஆடும். ஒவ்வொரு பின்தண்டுக்கும் உட்புறத்தில் ஒரு சிலுவை மூட்டு. நம் சாலைகள் அதனைப் படுத்திய பாட்டைப் பழைய மெக்கானிக்குகளைக் கேட்டால் தெரியும். 1972-இல் வந்த கசெல் என்னும் காரில் அந்த அமைப்பைக் கைவிட்டுத் திண்ணிய ஒரே அச்சுக்குத் திரும்பிவிட்டனர்.

இனி, ஒரு காரின் உறுப்பைக் கொண்டு மற்றொரு காரைக் கட்டும் வழக்கத்திற்கு வருவோம். சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1950-களிலிருந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சென்னையின் மோட்டார்ப் பந்தயங்கள் அங்கே நடைபெற்றன. பின்னர், 1990-இல், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தளம் வந்தது. சோழவரத்துக்கு வந்தவர்களில் பலர் தம் வண்டியைத் தாமே கட்டியவர். வெளிநாட்டு உறுப்புகளை இறக்குமதி செய்வது அரிதாக இருந்த அந்நாளில், கண்ணெதிரே கிடைத்த பழைய வண்டியே அவர்களுக்குச் சுரங்கம்.

அவ்வழியில் வந்தவர் கோவையின் கரிவரதன். நூற்பாலைத் தொழிலில் பேர்பெற்ற குடும்பத்தைச் சார்ந்தவர், பந்தயம் ஓட்டியவர், பந்தயக் கார்களைத் தாமே வடித்தவர். 1988-ஆம் ஆண்டு வாக்கில் அவர் மாருதி 800-இன் எந்திரத்தை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்து, ஒருவர் மட்டும் அமரும் பந்தயக் காரைச் செய்தார். அதற்குப் 'ஃபார்முலா மாருதி' என்று பெயர் வழங்கியது. 796 கன சென்டிமீட்டர், மூன்றே சிலிண்டர், நாற்பது குதிரைத் திறனை எட்டாத எந்திரம். இதுவா பந்தய எந்திரம் என்று நகைப்பார் நகைக்கலாம். அந்த எந்திரம் பழுதானால் அதனை அறிந்த கைகள் ஊர்தோறும் இருந்தன. உறுப்புகள் கடைதோறும் கிடைத்தன. செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று இருந்த பந்தயத்தின் கதவு அதனால் சற்றே அகலத் திறந்தது. 2005-இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தம் தொடக்க நாளில் ஓட்டியதும் ஃபார்முலா மாருதியே. கரிவரதன் 1995-இல் இலகு விமான விபத்தில் மறைந்தார். கோவைச் செட்டிபாளையத்தில் உள்ள ஓட்டத் தளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

முன்சக்கரம் இயக்கும் காரின் எந்திரத்தையும் கியர்ப் பெட்டியையும் அப்படியே பெயர்த்து இருக்கைக்குப் பின்னால் வைப்பதன் சிறப்பு இதுதான்: எந்திரம், கியர்ப் பெட்டி, தண்டுகள், சக்கரக் குடம் எல்லாம் ஒரே குடும்பமாக வருகின்றன, தனித்தனியே வரன் தேட வேண்டியதில்லை. பார்த்த திசையை மட்டும் மாற்றாமல் வைக்க வேண்டும். எந்திரத்தை முன்பின்னாகத் திருப்பி வைத்துவிட்டால், முன்னோக்கிச் செல்ல ஒரே கியரும் பின்னோக்கி ஓட நான்கு கியர்களும் உடைய விந்தை வண்டியொன்றைப் பெறலாம்! சிரிக்க வேண்டா, இவ்வாறு செய்து தலையில் கை வைத்தவர் உண்டு.

நம் பிள்ளைகள் அந்தப் பிழையைச் செய்யவில்லை. அவர்கள் செய்தது வேறு. மாருதி 800-இன் முன்சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலம் 1215 மில்லிமீட்டர். வண்டி ஒடுங்கி அழகாக இருக்க வேண்டும் என்று எண்ணி, தம் வரைபடத்தில் அதனை 1115 ஆக்கிவிட்டனர். நூறு மில்லிமீட்டர் குறைந்தது; பக்கத்திற்கு ஐம்பது. ஆகவே தண்டு ஐம்பது மில்லிமீட்டர் நீண்டுவிட்டது. அதனை அறுத்து ஒட்ட வேண்டும் என்பதே கோரிக்கை.

"அறுப்பது கால் மணி வேலை. பற்றவைப்பது அரை மணி. ஆனால் இதைக் கேளுங்கள் தம்பி" என்று ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

அந்த எந்திரத்தின் உச்ச முறுக்கு விசை ஏறத்தாழ 60 நியூட்டன் மீட்டர். முதற் கியரில் கியர்ப் பெட்டியும் கடைசிப் பல்சக்கரமும் சேர்ந்து அதனைப் பதினைந்து மடங்காக்குகின்றன. 900 ஆயிற்று. இரு தண்டுகளுக்கும் பகுத்தால் ஒவ்வொன்றுக்கும் 450. தண்டின் பருமன் 20 மில்லிமீட்டர் என்று கொள்வோம். கடையில் விற்கும் மென்னெஃகுக் கம்பி அந்தப் பருமனில் 230 நியூட்டன் மீட்டர் அளவிலேயே இணங்கி முறுக்கிக்கொள்ளத் தொடங்கும், வேண்டியதில் பாதிதான். கார்த் தண்டு 450-ஐத் தாங்குகிறதென்றால், அது வேறு எஃகு. அதன்மேல் வெப்பமூட்டிக் கடினமாக்கிய பதம் வேறு. அந்தப் பதமே அதன் உயிர். பற்றவைக்கும் சுடரை அதன்மேல் காட்டிய கணத்தில், அந்த இடத்தின் ஒரு பகுதியில் பதம் இறங்கி மென்மையாகிறது. அதை ஒட்டிய பகுதி விரைந்து குளிர்ந்து கண்ணாடி போல் நொறுங்கும் தன்மை அடைகிறது. இரண்டும் அருகருகே. பற்றவைத்த வரம்பை அழகுக்காகத் தேய்த்து 20 மில்லிமீட்டரை 18 ஆக்கினாலோ, வலிமை பத்தில் ஒரு பங்கு குறையும் என்று எண்ணாதீர்கள். பருமனின் மும்மடிப் பெருக்கத்தில் கணக்கு நடப்பதால் நூற்றுக்கு 27 போய்விடும்.

தெலுங்குப் பிள்ளை தலையசைத்தார். நம் பிள்ளை விடவில்லை. "மாமா, மேலே ஒரு குழாயை உறையாகச் செருகிப் பற்றவைத்தால்?" என்றார். கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் உறையின் இரு விளிம்புகளிலும் அதே சுடர் பட வேண்டும். ஒரு குறைக்கு இரண்டு குறையாகும்.

அப்போதுதான், நெடுநாளாக எவரிடமும் சொல்லாத ஒன்றை அவர்களுக்குச் சொன்னேன். இங்கும் சொல்லிவிடுகிறேன்.

1974-ஆம் ஆண்டு, எனக்குப் பத்தொன்பது வயது. வேலூரில் ஒரு பட்டறையில் கையாளாக இருந்தேன். பட்டறையின் பெயர் வேண்டா. திருமலைக்குச் செல்ல வாடகைக்குப் பேசிய கார் ஒன்றின் பின்தண்டு முந்தின நாள் மாலை முறிந்தது. புதிய தண்டு சென்னையிலிருந்து வர வேண்டும். மறுநாள் விடியலில் பயணம். 'பற்றவை' என்றார் முதலாளி. பற்றவைத்தேன், வரம்பைத் தேய்த்து மெருகும் இட்டேன். வழித்துணைக்காக என்னையும் வண்டியில் ஏற்றி அனுப்பினர். வேலூரிலிருந்து திருப்பதி வரையில் சமதரையில் ஒரு குறையும் தோன்றவில்லை. மலைச்சாலையில், ஒரு திருப்பத்தில், முதற் கியருக்கு மாற்றிய மறுகணம் அடியில் ஓர் ஓசை. வெடி போன்றது அன்று, விறகு முறிந்தாற்போல.

தண்டு முறிந்தால் ஒரு சக்கரம்தானே போயிற்று, மற்றொன்று இழுக்குமே என்று கருதுவோர் உண்டு. அவ்வாறு ஆவதில்லை. இரு சக்கரங்களுக்கும் விசையைப் பகிரும் பல்சக்கர அமைப்பு, எதிர்ப்பு இல்லாத பக்கத்திற்கே சுழற்சி முழுவதையும் கொடுத்துவிடும். முறிந்த தண்டு வெறுமனே சுழலும். நல்ல சக்கரம் சும்மா நிற்கும். எந்திரம் வண்டியைத் தாங்கிப் பிடிப்பதும் அத்தோடு போயிற்று. வண்டி பின்னோக்கி உருண்டது. ஓட்டுநர் பிரேக்கை மிதித்து அதனைக் கைப்பிடிச் சுவரின்மேல் சாய்த்து நிறுத்தினார். நான் குதித்துக் கல்லெடுத்துச் சக்கரத்திற்கு அணை கொடுத்தேன். உள்ளே இருந்த ஒரு மூதாட்டியார்க்கு மணிக்கட்டு முறிந்தது. அதற்குமேல் ஒன்றும் நேரவில்லை. அவர் என்னைப் பார்த்து, "நீ குதித்தாயே அப்பா, உனக்கு அடிபடவில்லையே?" என்று கேட்டார். பற்றவைத்த கை என் கை என்பதை அவர் அறியார். நானும் சொல்லவில்லை.

பிள்ளைகள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் புதிய தண்டு கடையலாமா?" என்று கேட்டார் தோழர். கடையலாம். கலப்பெஃகில் கடைந்து, முனைகளில் வரிப்பற்கள் வெட்டி, முறையாகப் பதமிட்டுத் தரும் தொழிற்கூடங்கள் சென்னையிலும் கோவையிலும் உள்ளன. ஒரு சோடிக்கு ஆகும் செலவு, அவர்கள் எந்திரத்திற்குக் கொடுத்த விலையை எட்டிப்பிடிக்கும். வீட்டில் இன்னொரு முறை பணம் கேட்கும் துணிவு நம் பிள்ளைக்கு இல்லை. எனக்கும் அதைப் பரிந்துரைக்கும் துணிவு இல்லை.

எஞ்சிய வழி ஒன்றே. தண்டை வண்டிக்கு ஏற்ப அறுப்பதை விடுத்து, வண்டியைத் தண்டுக்கு ஏற்ப அகலமாக்குவது. கூட்டின் குழாய் மென்னெஃகு. அதனை அறுக்கலாம், ஒட்டலாம், தவறினால் மீண்டும் செய்யலாம். சக்கரத்தைத் தாங்கும் கைகளைப் பக்கத்திற்கு ஐம்பது மில்லிமீட்டர் நீட்டினால் 1215 வந்துவிடும். எடைச் சமநிலைக்காக எந்திரத்தை நட்டநடுவே நகர்த்தவும் அவர்கள் எண்ணியிருந்தனர். அதையும் தடுத்தேன். ஒரு தண்டு நீளமாகவும் மற்றது குட்டையாகவும் இருப்பது, பகிர்வுப் பல்சக்கரம் ஒருபக்கம் ஒதுங்கி அமைந்திருப்பதால்தான். பழைய காரில் அது நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகி இருந்ததோ அவ்வளவே இங்கும் விலகி இருத்தல் வேண்டும்.

அளக்கும் முறையை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். இதில்தான் பெரும்பாலோர் தவறுகின்றனர். வண்டியைத் தரையில் நிறுத்தி ஒரே அளவு எடுத்தால் போதாது. சுருள்வில்லைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையாலேயே மேல் எல்லை வரை தூக்குக. பிறகு நடு நிலையில் வைக்க. பிறகு கீழ் எல்லை வரை தொங்கவிடுக. மூன்று நிலையிலும் கியர்ப் பெட்டியின் முகத்திலிருந்து சக்கரக் குடம் வரை உள்ள தொலைவைக் குறித்துக்கொள்க. சக்கரம் வட்டவில் போல் ஆடுவதால் இந்தத் தொலைவு மாறிக்கொண்டே இருக்கும். தண்டின் உள்முனை மூட்டு, சிறிது உள்ளும் புறமும் சறுக்கி இம்மாற்றத்தை ஏற்கின்றது. அந்தச் சறுக்கலின் நடுப்பகுதியில் வண்டியின் இயல்பான நிலை அமைய வேண்டும். இரு எல்லையிலும் சில மில்லிமீட்டர் மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிடில், பெரும் பள்ளத்தில் சக்கரம் மேலேறும்போது தண்டு முளைக்கோல் போல் கியர்ப் பெட்டியின் பேரிங்கை இடிக்கும். அல்லது சக்கரம் தொங்கும்போது மூட்டைவிட்டு வெளியே வந்துவிடும்.

இன்னும் ஒன்று. முன்சக்கரத்தின் குடத்தைப் பின்சக்கரத்தில் பூட்டும்போது, பழைய காரில் ஸ்டியரிங் கோல் பிடித்திருந்த காது சும்மா கிடக்கும். அதனை மறந்து விட்டுவிட்டால் பின்சக்கரங்கள் தாமே திரும்பத் தலைப்படும். கூட்டிலிருந்து உறுதியான ஒரு கோலை அந்தக் காதுக்குக் கொடுத்து அசையாமல் கட்ட வேண்டும். நம் பிள்ளைகள் இதனை முன்னமே செய்திருந்தனர் என்பதைக் கண்டு மகிழ்ந்தேன்.

நம் வாசகர்களில் கார் கட்டப்போகிறவர் எத்தனை பேர் இருக்கப்போகின்றனர்? ஆயினும் கார் வைத்திருப்போர் பலர். அவர்களுக்கு இந்தத் தண்டைப் பற்றி ஒரு சொல். முன்சக்கரம் இயக்கும் காரில் ஸ்டியரிங்கை முழுதும் திருப்பி மெல்ல ஓட்டும்போது சக்கரத்தருகே 'டக் டக்' என்னும் ஒலி கேட்டால், வெளிமூட்டின் குண்டுகள் தேய்ந்தன என்று அறிக. பெரும்பாலும் காரணம், கிழிந்த ஒரு ரப்பர் உறை. உறை கிழிந்தால் கொழுப்பு வெளியேறும், மணல் உள்ளே புகும். உறையை உடனே மாற்றினால் செலவு சிறிது. விட்டுவைத்தால் மூட்டையே மாற்ற நேரும். மலைக்குப் புறப்படுமுன் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்வது நன்று.

சட்டத்தையும் பிள்ளைகளுக்கு நினைவூட்டினேன். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, பதிவான வண்டியையே நம் விருப்பம்போல் மாற்ற இயலாது; 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. புதிதாகக் கட்டிய வண்டியோ, அரசு ஏற்ற சோதனை நிலையத்தில் மாதிரித் தேர்வுக்கு உட்பட்டாலன்றிப் பொதுச் சாலைக்கு வர முடியாது. ஆகவே இவர்கள் வண்டி ஓட வேண்டிய இடம் மூடிய தளமே. சித்தூர்–திருப்பதிச் சாலை அன்று. தந்தையார் இதனைக் கேட்டதும் முகம் வாடினார். தம் மகன் அதில் தம்மை ஏற்றி ஊர்வலம் வருவான் என்று நினைத்திருந்தார் போலும். தாயாரோ அன்றுதான் முதல் முறையாக எனக்குக் காப்பி கொடுத்தார்.

சென்ற வாரம் அவர்கள் கொட்டகைக்குப் போயிருந்தேன். சக்கரக் கைகள் நீண்டுவிட்டன. உடலுக்கென இழைக் கண்ணாடியில் வார்த்த பின்பகுதி நூறு மில்லிமீட்டர் போதாமல், நடுவே பிளந்து கிடந்தது. புதிய உறைகளையும் புதிய கொழுப்பையும் பெற்ற தண்டுகள் இரண்டும், அறுபடாமல், தத்தம் இடத்தில் புகுந்து 'களுக்' என்று பூட்டிக்கொண்டன. கியரை நடுநிலையில் வைத்து ஒரு சக்கரத்தை நான் கையால் சுற்றினேன். எதிர்ப்பக்கத்துச் சக்கரம் மறுதிசையில் சுற்றியது. தந்தையார் கைகட்டி நின்று அதனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எதற்கு அது மறுபக்கம் சுற்றுகிறது?" என்று கேட்டார். மகன் தரையில் அமர்ந்து, சுண்ணாம்புக் கட்டியால் படம் வரைந்து விளக்கத் தொடங்கினார்.

பிரேக்குக் குழாய்கள் இன்னும் பூட்டப்படவில்லை. அவற்றைப் பற்றி அடுத்த இதழில்.